அறுபத்து மூன்று கிராம்

தியத்தலாவையில் பழைய முகாமின் பின்னால்
கான் வெட்டிய பெக்கோ
ஒரு பிஸ்கட் டின்னைக் கிழித்துப் போட்டது.
ஏழு தகடுகள். அலுமினியம்.
நௌபர் முதலாளி தராசை என் பக்கம் தள்ளினார்:
"நீதானே படிச்சவ, பாரு."

பன்னிரண்டு வருஷமாக
பழைய இரும்புக்கு எடை போடுகிறேன்.
சிப்பாய்த் தகடு எனக்குத் தெரியும்.
இலக்கம், பெயர், மதம்.
செத்தால் ஒன்றை அறுத்துக்கொண்டு போவார்கள்,
ஒன்று உடம்போடு மண்ணுக்குப் போகும்.

இவற்றில் இருந்ததோ
ஒச்சாயி.
ஆங்கில அச்சு அவளை
ஓட்சே ஆக்கியிருந்தது.
பொட்டுக்கன்னிக்குப் பாதியிலேயே தகடு முடிந்து
பொட்டுக்.
சலேத்தம்மாளில் மட்டும் பிழையில்லை,
அடித்தவன் வேதக்காரனோ என்னவோ.

கொழும்பில் ஒருவர் இதெல்லாம் சேர்க்கிறார்.
படம் பார்த்த மாத்திரத்தில் போன் எடுத்தார்:
"காதலிகள்!
போருக்குப் போகிறவன்
அவள் பெயரை அடித்துக் கழுத்தில் போட்டுக்கொள்வான்.
அபூர்வம். நல்ல விலை தரலாம்."

ஏழு பட்டாளத்தான்கள்,
ஏழு தோட்டத்துப் பெண்கள்,
ஒரே அச்சு, ஒரே சுத்தியல்.
கணக்கு இடித்தது.

கடை பூட்டியபின்
வாட்ச் ரிப்பேர்காரரின் கண்ணாடியைக் கடன் வாங்கித்
துளைகளைப் பார்த்தேன்.
சங்கிலியில் ஆடியது எந்தப் பக்கமும் தேயும்,
வேர்வைக் கறை விடும்.
இவை மேல் விளிம்பில், பிறை மாதிரி,
ஒரே இடத்தில் தேய்ந்திருந்தன.
விளிம்பில் சிவப்பாய்த் துரு.
அலுமினியம் சிவப்பாய்த் துருப்பிடிக்காது.

ஆணி.
கழுத்தை விட
ஆணியில்தான் அதிக நேரம் இருந்திருக்கின்றன.

ஊவாக்கெல்லைத் தோட்ட ஆபீஸில்
கிளாக்கர் திரவியராஜ் அலமாரியைத் திறந்துவிட்டுத்
தும்மிக்கொண்டே வெளியே போனார்.
பூச்சி தின்றது போக மிஞ்சிய
நாற்பத்து மூன்றாம் வருஷச் செக்ரோல்.
அதே இலக்கங்கள்.
கொழுந்து றாத்தல் எழுதும் கட்டங்களில்
பதினான்கு மாதம் சிவப்பு மை:
கேம்ப், கேம்ப், கேம்ப்.
ஓரத்தில் ஒரே ஒரு தடவை
'ஆஸ்பத்திரி சலவை'.

இலக்கம் முந்நூற்றுப் பதினைந்து
இரண்டு தகடுகளில் இருந்தது.
முதலில் அங்கம்மா. ஆகஸ்டில்
அவள் பெயர்மேல் ஒரு கோடு.
காரணம் எழுதவில்லை.
இலக்கம் மறுநாளே பெரட்டுக்கு வந்துவிட்டது,
ஒச்சாயியாக.

இப்படித்தான் இருந்திருக்கும்:
காலையில் கேட்டில்
ஆணியிலிருந்து பெயரை எடுத்து மாட்டிக்கொண்டு
யார் யாரோ ரத்தம் சிந்திய துணியைக் கசக்கி
சாயங்காலம் பெயரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு
மலை இறங்க வேண்டும்.
வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.

அதே அலமாரியில்
ஆறு வருஷம் பிந்திய ஒரு கோப்பு.
பிரஜாவுரிமை விண்ணப்பம், நகல்.
விண்ணப்பதாரி ஒச்சாயி, கைநாட்டு.
இந்த நாட்டில் இருந்தமைக்கான அத்தாட்சி என்ற கட்டத்தில்
கிளாக்கர் யாரோ
'இல்லை' என்று அழகாக எழுதியிருந்தார்.
டின் அப்போது
இரண்டு மைல் தள்ளி மண்ணுக்குள் கிடந்தது.

கொழும்புக்காரருக்குச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"துணி வெளுத்தவங்களா?
அப்ப எனக்குச் சரிவராது, மிஸ்."

அலுமினியம் கிலோ நானூற்றைம்பது.
ஏழும் சேர்ந்து அறுபத்து மூன்று கிராம்.
முதலாளி இருபத்தெட்டு ரூபாய்க்குத் துண்டு எழுதினார்.
நான் நூறு ரூபாய்த் தாளை வைத்தேன்.
மீதியை எண்ணித் தந்தார், வியாபாரம் வியாபாரம்தான்.

ஒச்சாயியின் பேத்தி மகள் சசிரேகா
பண்டாரவளைக் காமெண்ட்ஸில் வேலை.
கழுத்தில் பிளாஸ்டிக் அட்டை, படத்தோடு.
இடைவேளையில் கேட்டுக்கு வந்து
தகட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
அழவில்லை.

"இந்த வேலைக்குத்
தனியாச் சம்பளம் குடுத்தாங்களா?"

தகட்டில் அது அடிக்கப்படவில்லை.
செக்ரோலில் அந்தப் பத்தியைப்
பூச்சி தின்றிருந்தது.
மணி அடித்தது.
அவள் அட்டையை மெஷினில் காட்டிவிட்டு
உள்ளே போனாள்.